சுண்ணாம்புக் குழிக்கு ஏது சபை?

டிசம்பர் பிறந்தால் எங்க பக்கம் ஒரு காட்சி உண்டு. சி.எஸ்.ஐ. ஆயர், லுத்தரன் போதகர், ஆர்.சி. பங்குச் சாமியார், பெந்தெகொஸ்தே பாஸ்டர் என நாலு பேரும் ஒரே மேடையில் உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் ‘ஐக்கிய கிறிஸ்துமஸ் விழா’ என்று பேனர். கேக் வெட்டுவார்கள். கட்சிக்காரர்கள் வந்து சால்வை போட்டுவிட்டுப் போவார்கள். ‘கிறிஸ்துவுக்குள் நாமெல்லாம் ஒன்று’ என்று மைக்கில் சொல்லும்போது கூட்டம் கைதட்டும். நானும் கைதட்டியிருக்கிறேன்.

அந்தக் கைதட்டலின் அர்த்தம் எங்கப்பா செத்த அன்னைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அப்பா முப்பது வருசத்துக்கு மேல தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, புரட்டி, எடுத்து, மயிர் கழிக்கிற வேலை. விரலிடுக்கு வெந்து வெந்து நகம் முழுசாய் வளர்ந்ததை நான் பார்த்ததில்லை. அவர் ஞானஸ்நானம் வாங்கியது ஒரு சபையில். அம்மா கல்யாணமாகி வந்தது வேறொரு சபையிலிருந்து. கடைசிக் காலத்தில் அப்பா போய் உட்கார்ந்தது தெருமுனையில் ஓலைக் கொட்டகை போட்ட ஜெபவீட்டில். அவர் செத்ததும் முதல் சபை ‘சந்தா பாக்கி இருக்கு’ என்றது. ரெண்டாவது சபை ‘எங்க ரெஜிஸ்டர்ல பேர் இல்லையே’ என்றது. ஜெபவீட்டுக்குக் கல்லறைத் தோட்டமே கிடையாது. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் உடம்பு வாசலில் கிடந்தது. கடைசியில் சேரிச் சுடுகாட்டில் புதைத்தோம். பறை அடித்த சித்தப்பா ஆர்.சி. குழி வெட்டிய பசங்க லுத்தரன். மண் தள்ளியவர்களில் சி.எஸ்.ஐ.யும் இருந்தான், இந்துவும் இருந்தான். யாரும் யாரையும் சபை கேட்கவில்லை.

அந்தக் குழியோரம் நடந்ததுதான் எனக்குத் தெரிந்த உண்மையான சபை ஐக்கியம். மேடையில் நடப்பது வேறு. இந்த இதழில் அந்த ரெண்டுக்கும் நடுவிலிருக்கிற தூரத்தைப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. இந்தச் சபைப் பிரிவு நம்ம சேரியில் முளைத்ததா? இல்லை, கப்பலில் வந்தது. வேலூர், ஆற்காடு பக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்கடர் குடும்பத்தார் கட்டிய ஆற்காடு மிஷன், அமெரிக்காவின் ரிஃபார்ம்டு சபையைச் சேர்ந்தது. கிருஷ்ணகிரி, ஆம்பூர் பக்கம் 1895இல் தொடங்கியது மிசௌரி லுத்தரன் மிஷன். அதைத் தொடங்கிய நேதரும் மோனும் முதலில் ஜெர்மனியின் லைப்சிக் மிஷனில் இருந்தவர்கள். வேதத்தில் பிழை உண்டா இல்லையா என்ற சண்டையில் லைப்சிக்கை விட்டு வெளியேறி மிசௌரியோடு சேர்ந்தவர்கள். கத்தோலிக்கருக்கு வேலூர் தனி மறைமாவட்டமானது 1952இல். இப்படி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நட்ட வேலிகள் வரிசையாய் வந்து பாலாற்றங்கரைச் சேரிகளுக்கு நடுவில் விழுந்தன.

நம்ம தாத்தன் லுத்தரையும் கால்வினையும் எடைபோட்டுப் பார்த்தா சேர்ந்தான்? எந்த மிஷனரியின் மாட்டுவண்டி எந்தச் சேரிக்கு முதலில் வந்ததோ, அந்தச் சேரி அந்தச் சபை. அவன் கேட்டது பள்ளிக்கூடம், வைத்தியம், பண்ணையாரைத் திருப்பிக் கேட்க ஒரு துணை. அதில் கொஞ்சம் கிடைக்கவும் செய்தது. வேலூர் ஊரீசு கல்லூரியும் ஆம்பூர் கன்கார்டியா பள்ளியும் பெதஸ்தா மருத்துவமனையும் இல்லாமல் இந்தப் பக்கத்துச் சேரிகளின் கதையை எழுத முடியாது. நன்றி கெட்டத்தனமாய்ப் பேச நான் வரவில்லை.

சபைகள் ஒன்றுசேர்ந்த வரலாறும் நம்ம மண்ணில் உண்டு. 1919இல் தரங்கம்பாடியில் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். 28 வருசப் பேச்சுக்குப் பிறகு 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிகன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல், ரிஃபார்ம்டு எல்லாம் ஒன்றாயின. உலகமே திரும்பிப் பார்த்த ஒன்றிப்பு அது. லுத்தரன்கள் வெளியிலேயே நின்றார்கள். அதனால்தான் ஒரே தெருவில் என் மாமன் வீடு சி.எஸ்.ஐ., என் வீடு லுத்தரன்.

வேலூர் சி.எம்.சி.யைப் பாருங்கள். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பிற்பாடு பல சபைகள் சேர்ந்து நடத்துகிற நிறுவனமாய் வளர்ந்தது. வைத்தியம் என்றதும் ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா என்ற சண்டை ஒதுங்கிக்கொண்டது. 1995இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியத்தைக் கொண்டுவந்தார்கள். நானூறு வருசத்துக்கு மேல வெட்டிக்கொண்டவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாய்ப் பார்த்து முடித்த வேலை அது.

ஆக, முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. நிர்வாகத்துக்குச் சேர்ந்தார்கள், மருந்துக்குச் சேர்ந்தார்கள், மொழிக்கும் சேர்ந்தார்கள். சாதிக்கு எதிராகச் சேர்ந்தார்களா? தோழர்களே, நம்ம கேள்வி அதுதான்.

சபைக்கும் சபைக்கும் நடுவிலிருக்கிற சுவரைப் பேசுகிறவர்கள், ஒரே சபைக்குள் இருக்கிற சுவரைப் பேசுவதில்லை. எறையூரை மறக்க முடியுமா? ஒரே கத்தோலிக்கப் பங்கு, ஒரே பூசை, ஒரே மாதா. ஆனாலும் 2008 மார்ச்சில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டபோது மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ரெண்டு உயிர் போனது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே, தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது நல்லது. ஆனால் அந்த ஒப்புதலால் நம்ம வாழ்க்கையில் என்ன மாறியது?

இங்கேதான் சட்டம் வருகிறது. கொஞ்சம் பொறுமையாய்ப் படியுங்கள். நம்ம பசங்களின் படிப்பும் வேலையும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கொள்ளக் கூடாது என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்னும் வெளியில். தமிழ்நாட்டில் நமக்குக் கிடைப்பது பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஓர் இடம். 1989ஆம் வருச வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நமக்கில்லை. அடிக்கிறவனுக்கு மட்டும் நாம் எந்தச் சாதி என்று நன்றாய்த் தெரியும்.

இந்த ஆணையை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனவர் தோலோடு வாழ்ந்த ஒருத்தர்தான். சூசை, சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்தவர். ரோட்டோரச் செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசாங்கம் இலவசப் பெட்டிக்கடை கொடுத்தது. அவர் கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு இல்லை. 1985இல் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. அது சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்றால் மட்டும் போதாது. புதிய சமூகத்துக்குள்ளும் அதே கொடுமை அதே அளவில் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றது.

ஆதாரம் யாரிடம் இருக்கிறது? சபைகளிடம். எந்தத் தெருவுக்குத் தேர் போகாது, கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பக்கம் யாருக்கு, கமிட்டியில் யார், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் யார், அதே பள்ளிக்கூடத்தில் கக்கூசு கழுவுகிறவர் யார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத் தடையை நீக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் பாலகிருஷ்ணன் ஆணையம் அமைத்தார்கள். அடுத்த மாதமே ஒன்றிய அரசு, கிறிஸ்தவத்திலும் இஸ்லாத்திலும் தீண்டாமை கிடையாது என்று உச்சநீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. வருசா வருசம் ஆகஸ்ட் 10 அன்று கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் சேர்ந்து கருப்புநாள் அனுசரிக்கிறார்கள். நல்லது, நாமும் போகிறோம். கருப்புத்துணி கட்டின கையே உள்ளூர்க் கணக்கைத் திறந்து காட்டுமா?

காட்டினால் பிரச்சினை இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு பேர், கோயிலில் ஒரு பேர் என்று வாழ்கிற குடும்பம் நம்மில் எத்தனை? சர்டிபிகேட்டில் ‘இந்து ஆதிதிராவிடர்’, ஞாயித்துக்கிழமை கையில் பைபிள். இதை ஏமாத்து என்கிறவன் பசியறியாதவன். ஆனால் 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவராய் வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் பட்டியல் சாதிச் சான்று கேட்பது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவது என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அவருடைய ஞானஸ்நானமே அவருக்கு எதிரான சாட்சியானது. எனவே சபை ரெஜிஸ்டரைத் தெருவில் விரித்துப் போடச் சொல்லவில்லை. பேர் வேண்டாம். எண்ணிக்கையும் இடமும் போதும். தனிக் கல்லறை எத்தனை, தலித் பொறுப்பாளர் எத்தனை, துப்புரவு வேலையில் யார் எத்தனை பேர் என்று பேரில்லாமல் கணக்கெடுக்கலாம். மனுசனைக் காட்டிக்கொடுக்காமல் சாதியை மட்டும் காட்டிக்கொடுக்கிற கணக்கு அது.

அடுத்து தோல். 1996இல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், தண்ணீரைக் கெடுத்தவனே காசு கட்ட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடி என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட முப்பது வருசம்! நடுவில் 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்துக் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் கழிவில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கெட்டுப்போன நிலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. நிலமில்லாமல் அந்தத் தண்ணீரில் நின்றவனின் தோலுக்கு என்ன கணக்கு?

சுண்ணாம்புக் குழி யாரையும் சபை கேட்பதில்லை. குரோமும் கேட்பதில்லை. விடிகாலை ஷூ கம்பெனி வேனில் ஏறுகிற நம்ம பெண்கள் லுத்தரன், ஆர்.சி., முஸ்லிம் என்று தனித்தனியாய் உட்காருவதில்லை. ஒரே மடியில் மூணு டிபன் பாக்ஸ், குழம்பு கை மாறும். உழைப்பு ஏற்கெனவே ஒன்றாக்கிவிட்டவர்களைத்தான் ஞாயித்துக்கிழமை மணி தனித்தனியாய்க் கூப்பிடுகிறது.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன தியோபிலஸ் அப்பாவு, நம்ம ‘பறட்டை’, இதை ரொம்ப நாளைக்கு முன்னாலேயே கண்டுகொண்டார். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே உலையில் வேக வேண்டும், எல்லாரும் சேர்ந்து உண்பதே திருவிருந்து என்றார். பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். 2005இல் போய்ச் சேர்ந்தார். அந்த உலையை அணையாமல் பார்த்துக்கொள்வது நம்ம வேலை.

மாணவத் தோழர்களே, இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது மூணு வேலை செய்யுங்கள். உங்க ஊர்க் கல்லறைத் தோட்டங்களுக்குப் போய், சுவர் எங்கே இருக்கிறது, யார் எந்தப் பக்கம் என்று வரைபடம் போடுங்கள். உங்க சபைக் கமிட்டியில் எழுந்து, எந்தச் சபைக்காரர் செத்தாலும், சந்தா பாக்கி இருந்தாலும், புதைக்க இடம் உண்டு என்று எல்லாச் சபைகளும் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போடக் கேளுங்கள். தோல் ஷாப்பில் ஒருத்தர் விழுந்தால் அத்தனை கோயில் மணியும் ஒன்றாய் அடிக்க வேண்டும் என்று கேளுங்கள். இந்த மூணையும் செய்யாத ஐக்கியம் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆயர்களோடு நமக்குப் பகையில்லை. அவர்கள் மேடையிலிருந்து இறங்கி வரட்டும். குழியோரம் இடம் இருக்கிறது. அங்கே நாங்கள் ரொம்ப நாளாய் ஒன்றாய்த்தான் நின்றுகொண்டிருக்கிறோம்.