ஜவ்வரிசி ஆலைக் கழிவு நீர்: கிணறும் பிழைக்க வேண்டும்

சேலம், ஆத்தூர் வட்டார மரவள்ளி விவசாயிக்குக் கிழங்கை வாங்க ஜவ்வரிசி ஆலையும் வேண்டும். கெடாத கிணறும் வேண்டும். இரண்டும் கூடிவரும்.

ஆலைக் கழிவு நீரில் புளிப்பும் மாவுச்சத்தும் மிகுதி. ஓடையில் அப்படியே விட்டால் நாற்றமெடுக்கும். ஊறிக் கிணற்றையும் கெடுக்கும். காற்றுப் புகாத தொட்டியில் தேக்கினால் பாக்டீரியாக்கள் மாவுச்சத்தைச் சிதைத்து எரிவாயு தரும். ஆலைக்கு எரிபொருள் செலவு குறையும்.

ஆனால் வாயு எடுத்ததோடு வேலை முடியாது. மீதி நீரைக் காற்றூட்டி மீண்டும் சுத்திகரிக்க வேண்டும். பாசனத்துக்கு விடும் கழிவு நீரில் பி.ஓ.டி. எனப்படும், அழுகும் பொருள் சிதையத் தேவையான ஆக்சிஜனின் அளவு லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி.

'இலவச உர நீர்' என்று நம்பிப் பாய்ச்ச வேண்டாம். பரிசோதனை முடிவைக் கேளுங்கள்.