யார் உத்தரவில் பறக்கிறார்கள் நம் விமானிகள்?

2018 மார்ச் 11 மாலை போடி குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்தபோது, சிக்கிக்கொண்டவர்களை முதலில் தூக்கிவந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். போர்வையில் கிடத்தி, இருட்டில், கால் வைக்க இடமில்லாத சரிவில் இறக்கினார்கள். மாநில அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. விமானப்படையின் கருட் கமாண்டோக்கள் வந்தார்கள். ஆனால் விடிந்த பிறகுதான் மீட்பு வேகம் பிடித்தது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களை நாம் இழந்தோம். அந்தத் துயரத்துக்கு நடுவிலும் ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. படையைக் கேட்டது யார், உத்தரவு போட்டது யார், வேலை முடிந்ததும் அது எங்கே திரும்பும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்டபோது, ‘சாகர் பந்து’ நடவடிக்கையின் கீழ் நம் விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்கள் கடல் தாண்டிப் போயின. மண் சரிந்து பாதை அறுந்த கொத்மலைப் பகுதியில் கருட் வீரர்கள் இறங்கி மக்களை மீட்டார்கள். அந்தத் தேயிலை மலைகளில் வாழும் தமிழர்களின் முன்னோர் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்தும் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்தும் கப்பலேறிப் போனவர்கள். மேகமலையும் ஹைவேவிஸும் தெரிந்த கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு, மழையில் ஊறிய தேயிலைச் சரிவு இடிந்து விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த உதவியில் பெருமைப்பட நமக்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

பெருமையோடு சேர்த்து ஒரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். புயலுக்குப் போன ஹெலிகாப்டர் வேலை முடிந்ததும் திரும்பிவிடும். மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் இன்னொரு நாட்டின் விமானப்படையோடு தங்கி, அவர்களுடைய விமானத்தை ஓட்டவும் பராமரிக்கவும் ரேடாரைப் பார்க்கவும் நம் ஆட்களை அனுப்புவது வேறு வகை. அப்படி அனுப்பப்படும்போது மக்களுக்கும் நாடாளுமன்றத்துக்கும் என்ன சொல்லப்படுகிறது? இதுவரையிலான அனுபவத்தைப் பார்த்தால், ஏதாவது விபரீதம் நடந்த பிறகுதான் சொல்லப்படுகிறது. இது மாற வேண்டும்.

டிராக்டரை இரவல் கொடுப்பதும், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கொடுப்பதும் ஒன்றல்ல என்பது நம் ஊர் விவசாயிக்குத் தெரியும். ஓட்டுகிறவர் நிலத்துக்காரர் சொல்வதைக் கேட்பதா, வண்டிக்காரர் சொல்வதைக் கேட்பதா என்பதை வயலில் இறங்கும் முன்பே பேசிவிடுவார்கள். அரசாங்கங்கள் இந்தப் பேச்சைத்தான் தள்ளிப்போடுகின்றன.

மாலத்தீவில் நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும். 2010இல் ஒரு துருவ் ஹெலிகாப்டர், 2013இல் இன்னொன்று, 2020இல் ஒரு டார்னியர் விமானம் என்று இந்தியா கொடுத்தது. ஓட்டவும் பராமரிக்கவும் நம் படையினரும் உடன் போனார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்கும் தீவுகளிலிருந்து பிரசவ வலிக்காரரையும் மாரடைப்பு வந்தவரையும் தலைநகர் மாலேவுக்குக் கொண்டுசெல்வதுதான் இவற்றின் பெரிய பணி. கடல் கண்காணிப்பும் உண்டு. மாலத்தீவுப் படையின் கட்டளையின் கீழ்தான் இவை பறக்கின்றன என்று அப்போதைய அதிபர் சோலிஹின் அரசு திரும்பத் திரும்பச் சொன்னது. ஆனால் ஒப்பந்தத்தின் விவரங்கள் மக்கள் முன் முழுமையாக வைக்கப்படவில்லை. அந்த இடைவெளியில் ‘இந்தியாவே வெளியேறு’ என்ற பிரசாரம் முளைத்தது. 2023 தேர்தலில் முகமது முய்சு அதையே முழக்கமாக்கி வென்றார். 2024 மே 10க்குள் நம் படையினர் அனைவரும் திரும்பினார்கள். ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் சிவிலியன் ஆட்கள் அந்த இடத்துக்குப் போனார்கள்.

அந்த மே 10 கெடுவுக்கு மறுநாள் மாலத்தீவுப் பாதுகாப்பு அமைச்சர் கசான் மவுமூன் ஒன்றை ஒப்புக்கொண்டார். இந்தியா கொடுத்த விமானங்களை ஓட்டும் தகுதி பெற்ற ஒருவர்கூடத் தங்கள் படையில் இல்லை, பயிற்சியில் சேர்ந்தவர்கள் வெவ்வேறு காரணங்களால் அதை முடிக்கவில்லை என்றார். முதல் ஹெலிகாப்டர் போய்ப் பதினான்கு ஆண்டு ஆகியிருந்தது. ஒரு குழந்தை பள்ளியில் சேர்ந்து பிளஸ் டூ முடிக்கும் காலத்தைவிட அது அதிகம். இதில் மாலத்தீவுக்கு மட்டும் பழி போட முடியாது. கற்றுக்கொடுத்துவிட்டுத் திரும்புவதற்கு நாமும் ஒரு தேதி வைக்கவில்லை. விமானி நம்மவராக இருக்கும்வரை செல்வாக்கும் நம்முடையது என்று டெல்லியில் யாராவது கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கு தப்பாகிவிட்டது. நோயாளியைச் சுமந்த அதே ஹெலிகாப்டர், தேர்தல் மேடையில் அந்நியப் படையின் அடையாளமாக நின்றது.

நம் சொந்த வரலாற்றில் இதற்கு நேர்மாறான உதாரணம் இருக்கிறது. 1947க்குப் பிறகு இந்திய விமானப்படைக்குத் தலைமை தாங்கிய முதல் மூவரும் பிரிட்டிஷ் அதிகாரிகள்: எல்ம்ஹர்ஸ்ட், ஐவலா-சாப்மன், கிப்ஸ். இரவலாக வந்தவர்கள் இந்தியர்களைத் தயார்ப்படுத்தினார்கள். 1954 ஏப்ரல் 1 அன்று சுப்ரதோ முகர்ஜி பொறுப்பேற்றார். இலங்கை விமானப்படையும் 1951இல் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் தலைமையில்தான் பிறந்தது. 1959இல் கானா நாடு தன் விமானப்படையைத் தொடங்கியபோது அதன் முதல் தளபதியாக இருந்தவர் நம் ஏர் கமடோர் ஜஸ்வந்த் சிங். ஈராக் விமானிகளுக்கும் நம் பயிற்றுநர்கள் பல ஆண்டுகள் மிக் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொடுக்கத்தான் போகிறோம், இத்தனை நாளைக்குத்தான் என்பது எங்கே தெளிவாக இருந்ததோ, அங்கே மனக்கசப்பு குறைவாகவே இருந்தது.

போருக்குப் பக்கத்தில் போகும்போது கதை வேறாகிறது. 1967இல் ஜோர்டானுக்கு ஆலோசகராக இரவல் போயிருந்த பாகிஸ்தான் விமானி சைஃபுல் ஆசம், அந்த ஜூன் மாதப் போரில் ஜோர்டானுக்காகவும் பிறகு ஈராக்குக்காகவும் பறந்து இஸ்ரேலிய விமானங்களைச் சுட்டு வீழ்த்தினார். அவருடைய நாடு அந்தப் போரில் இல்லை. ஒருவரை ஆலோசகர் என்று எழுதி அனுப்பினாலும், குண்டு விழத் தொடங்கியதும் அவர் எங்கே நிற்பார் என்பதை அந்தக் காகிதம் தீர்மானிப்பதில்லை.

நமக்கு இதைவிட நெருக்கமானது வவுனியா. 2008 செப்டம்பர் 9 அதிகாலை அங்கிருந்த இலங்கைப் படைத் தலைமையகத்தை விடுதலைப் புலிகள் தரையிலிருந்தும் வானிலிருந்தும் தாக்கினார்கள். தாக்குதலில் காயம்பட்டவர்களில் இருவர் இந்தியர்கள்; இந்தியா கொடுத்த இந்திரா ரேடாரைப் பராமரிக்கப் போன தொழில்நுட்பர்கள். அவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதையே தமிழக மக்கள் பத்திரிகைச் செய்தியில்தான் தெரிந்துகொண்டார்கள். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த நேரம். வன்னியில் குண்டுவீச்சில் சாகிறவர்களைப் பற்றி இங்கே ஊர் ஊராகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தேனி பஸ் நிலையத்திலும் கம்பம் டீக்கடைகளிலும் அன்று எழுந்த கோபத்தை உணர்ச்சி வேகம் என்று ஒதுக்கிவிட முடியாது. ரேடார் தற்காப்புச் சாதனம் என்பது மத்திய அரசின் வாதம். இருக்கலாம். அந்த வாதத்தை 2008 செப்டம்பருக்கு முன்பே நாடாளுமன்றத்தில் வைத்திருக்க வேண்டும். போர் முனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆட்களை நிறுத்துவது சாதனம் விற்கிற காரியம் அல்ல, அரசியல் முடிவு. அரசியல் முடிவை இரகசியக் கோப்பில் எடுக்கக் கூடாது.

நான்கு ஆண்டு கழித்து, 2012 ஜூலையில், தாம்பரம் விமானப்படை நிலையத்தில் இலங்கை விமானப்படையினர் 9 பேருக்குப் பயிற்சி நடப்பது வெளியே வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுவரை ஆண்டிப்பட்டியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்து, அப்போது முதல்வராகியிருந்த ஜெயலலிதா கடுமையாக எதிர்த்தார். மத்திய அரசு அவர்களைப் பெங்களூரு எலகங்காவுக்கு மாற்றியது. நாட்டைவிட்டே அனுப்புங்கள் என்றார் அவர். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று டெல்லி நினைத்தது, நம்மைப் புரிந்துகொள்ளாததற்கு நல்ல அடையாளம். எதிர்ப்பு இடத்தைப் பற்றியது அல்ல. யாருக்கு, எதற்கு, எந்தப் பொறுப்பேற்பும் கேட்காமல் என்பதைப் பற்றியது.

இரவல் கொடுத்தால் நட்பு நிரந்தரமாகும் என்ற நம்பிக்கையையும் வரலாறு ஆதரிக்கவில்லை. 1971 ஏப்ரலில் இலங்கையில் ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்க முடியாமல் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க உலக நாடுகளிடம் உதவி கேட்டார். இந்தியா ஹெலிகாப்டர்களை விமானிகளோடு அனுப்பியது. பாகிஸ்தானும் உதவிக்கு வந்தது. அதே ஆண்டில், இந்திய வான்வெளி மூடப்பட்ட நிலையில், டாக்காவுக்குப் போகும் பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்பின. 2022 ஆகஸ்ட் 15 அன்று கட்டுநாயக்கவில் டார்னியர் விமானத்தை இலங்கையிடம் ஒப்படைத்தோம். அதைக் கவனிக்க இந்தியத் தொழில்நுட்பக் குழுவும் போனது. மறுநாளே சீனாவின் யுவான் வாங்-5 கண்காணிப்புக் கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் வந்து நின்றது. கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. செல்வாக்குக்காக என்று சொல்லி இரகசியத்தை நியாயப்படுத்த முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது இந்தக் கேள்வி அவசரமானது. 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் முழு உரையை வெளியிடுங்கள் என்று அங்குள்ள எதிர்க்கட்சிகள் கேட்டன. இங்கே அந்தக் கேள்வி போதிய சத்தமாக எழவில்லை. அந்த ஒப்பந்தத்தின் கீழ் நாளை நம் விமானப்படை ஆட்கள் அங்கே தங்க நேர்ந்தால், பாக் நீரிணையில் நம் மீனவர் படகை ஒரு ரோந்து விமானம் கண்டுபிடித்துச் சொல்லும்போது, அதன் கருவியைப் பராமரித்தவர் நம்மவராக இருக்கலாம் அல்லவா? இதற்கு ஆம், இல்லை என்று சொல்லும் தகவலே நம்மிடம் இல்லை.

படையை வெளிநாட்டுக்கு அனுப்ப நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று இந்தியாவில் சட்டம் கிடையாது. ஜெர்மனியில் ஆயுத நடவடிக்கைக்குப் படை போவதென்றால் நாடாளுமன்றம் வாக்களிக்க வேண்டும். அந்த அளவுக்கு நாம் போகலாமா என்பது பெரிய விவாதம். குறைந்தபட்சம் தகவல் சொல்லும் கடமையையாவது சட்டமாக்க முடியும். எந்த நாட்டில் எத்தனை பேர், யார் கட்டளையில், எந்தத் தேதிவரை, சண்டை மூண்டால் விலக்கிக்கொள்ளும் ஏற்பாடு என்ன, உள்ளூர் ஆட்களில் எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள் என்பதை ஆண்டுதோறும் அவையில் வைப்பதால் எந்த இராணுவ இரகசியமும் போய்விடாது. காயம்பட்டாலோ இறந்தாலோ குடும்பத்துக்கு எந்த விதிப்படி இழப்பீடு என்பதும் அதில் இருக்க வேண்டும். கூடலூரிலும் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் நிறைய. தன் பிள்ளை எந்த நாட்டுக் கொடிக்கு அடியில் வேலை செய்கிறான் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்தத் தாய்க்கு உண்டு.

தேனி மக்களவை உறுப்பினர் உட்பட, தமிழ்நாட்டின் 39 உறுப்பினர்களும் கட்சி பார்க்காமல் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதை எழுத்துப்பூர்வக் கேள்வியாகக் கொடுக்க வேண்டும். கொழும்பு ஒப்பந்தத்தின் உரை இரு அவைகளின் மேஜையிலும் வைக்கப்படும்வரை, அதன் பெயரில் நீண்ட காலப் பணிக்கு ஒரு விமானியையோ ஒரு தொழில்நுட்பரையோ அனுப்பக் கூடாது.