முதலில் நடை, பிறகு வித்தை

டாங்கோ கற்க வருகிறவர்களுக்குக் காலைச் சுழற்றி வீசும் வித்தை மேல்தான் கண். ஆனால் அர்ஜென்டினா, உருகுவே துறைமுக நகரங்களில் பிறந்து, 2009-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற இந்த ஆட்டத்தின் அரிச்சுவடி வெறும் நடைதான். ஒருவர் முன்னே அடி வைக்க, இணை பின்னே நகர வேண்டும். புதியவர் குனிந்து தன் பாதத்தையே பார்ப்பார். உடனே இணையின் கால் மிதிபடும். சேதி போவது காலால் அல்ல, நெஞ்சால். உடல் எடை எந்தக் காலில் நிற்கிறது என்று இருவருக்கும் புரிந்துவிட்டால், அடுத்த அடி தானே வரும். புவனோஸ் ஐரிஸ் ஆட்டக் கூடங்களில் எல்லோரும் இடஞ்சுழியாக நகர்வார்கள். குறுக்கே புகுந்து வித்தை காட்டினால் முகம் சுளிப்பார்கள். அவசரம் வேண்டாம். யார் காலையும் மிதிக்காமல் ஒரு பாட்டு முழுக்க நடந்தவரே ஆடத் தெரிந்தவர்.