கடைசல் பிடிக்கும் முன் அளந்து பாருங்கள்



பிரேக் மிதிக்கும்போது பெடல் அதிர்ந்தால், பின்சக்கர டிஸ்கைக் கழற்றி அளக்காமலே லேத்தில் ஏற்றிவிடும் பட்டறைகள் உண்டு. இது ஆபத்து. உள்ளே காற்றுவழி இல்லாத பின் டிஸ்குகள் மெல்லியவை. கடைவதற்கு இரும்பு அதிகம் இருக்காது. எந்தத் தடிமனுக்குக் கீழே போகக்கூடாது என்பதைப் பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறித்திருப்பார்கள். தேயாத ஓரம் மேடாக நிற்பதால், வெளியிலிருந்து வைக்கும் வெர்னியர் கூடுதலாகக் காட்டிவிடும். பேட் உரசும் பரப்பில், சுற்றிலும் பல இடங்களில், மைக்ரோமீட்டரால்தான் அளக்க வேண்டும். கடைந்த பிறகு அந்த எல்லைக்கு மேல் தேறாது என்றால் புது டிஸ்க்தான், அதுவும் இரு பக்கமும். சில சமயம், டிஸ்க் பொருந்தும் ஹப்பில் படிந்த துருவே டிஸ்கைக் கோணலாக ஓட வைத்து அதிர்வைத் தரும். அதை முதலில் சுரண்டிவிட்டுப் பாருங்கள். கடைசலுக்கு முன்னும் பின்னும் அளந்த தடிமனைப் பில்லில் எழுதித் தரும்படி வண்டிக்காரர்கள் தயங்காமல் கேட்க வேண்டும்.

— வாசகர்