கண்டெடுத்தவருக்கே சொந்தமா?



இரண்டு வாரங்களுக்கு முன் ஆராதனை முடிந்தபின், நம் சபையின் சகோதரர் ஒருவர் காணிக்கையாகக் கொண்டுவந்த பொன் மோதிரத்தை நான் பெற்றுக்கொள்ளாமல் அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். உங்களில் சிலருக்கு அது வருத்தமாயிருந்தது என்பதை அறிவேன். மனமுவந்து கொடுத்ததை மறுக்கப் போதகருக்கு என்ன உரிமை என்று ஒருவர் கேட்டதும் என் காதுக்கு வந்தது. கேள்வி நியாயமானதே. அந்தச் சகோதரரின் சம்மதத்தோடு இந்த வாரம் அதற்குப் பதில் எழுதுகிறேன்.

அந்த மோதிரம் கென்ட் மாவட்டக் கடற்கரை ஒன்றில் மணலுக்குள் கிடந்தது. சகோதரர் சில ஆண்டுகளாக மெட்டல் டிடெக்டர் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிறவர். ‘இந்த வயதில் இதென்ன விளையாட்டு’ என்று நானே அவரைக் கேலி செய்ததுண்டு. ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் அவரோடு போய்வந்தபின் கேலி நின்றுபோயிற்று.

அவர் வைத்திருப்பது பல்ஸ் இன்டக்ஷன் வகையைச் சேர்ந்த கருவி. சாதாரண டிடெக்டர்கள் ஓயாமல் மின்காந்த அலையை அனுப்பிக்கொண்டே, திரும்பி வருவதையும் கேட்டுக்கொண்டிருக்கும். உலர்ந்த நிலத்தில் அவை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உப்புநீரில் ஊறிய மணலும் மின்சாரத்தைக் கடத்துவதால், கடலோரத்தில் உலோகம் இல்லாத இடத்திலும் அவை கூச்சலிடும். பல்ஸ் கருவியோ ஒரு கணம் தன் சுருளில் வலுவான மின் துடிப்பைச் செலுத்தி, சட்டென்று நிறுத்திவிடுகிறது. அந்தத் துடிப்பு மணலிலும் உப்புநீரிலும் எழுப்பிய மின்னோட்டம் உடனே அடங்கிவிடும். உலோகத்தில் எழுந்ததோ சற்று நீடிக்கும். சில மைக்ரோ விநாடிகள் பொறுத்திருந்து, பிறகே கருவி செவிகொடுக்கிறது. உப்புநீரின் இரைச்சல் ஓய்ந்தபின் எஞ்சியிருக்கும் மெல்லிய குரலைப் பிடிக்கிறது. ஒரு விநாடிக்குள் இது நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது.

இந்தக் கருவிக்கு ஒரு குறையும் உண்டு. பொன்னையும் துருப்பிடித்த ஆணியையும் வேறுபடுத்திச் சொல்ல அதற்குப் பெரும்பாலும் தெரியாது. ஆகவே ஒலித்த இடமெல்லாம் தோண்டியாக வேண்டும். அன்று காலை மூன்று மணி நேரத்தில் நாங்கள் தோண்டியெடுத்தவை: பானக் குவளைகளின் மூடி வளையங்கள், கூந்தல் ஊசிகள், கூடாரத்தின் ஆணி ஒன்று, தூண்டில்காரர்களின் ஈயக் குண்டுகள், சில பென்னி நாணயங்கள். குப்பையையெல்லாம் ஒரு பையில் சேர்த்துக்கொண்டு, தோண்டிய குழி ஒவ்வொன்றையும் காலால் மூடிவிட்டே சகோதரர் அடுத்த அடி எடுத்துவைத்தார். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடம் அல்லவா என்றார். அந்தக் குப்பைப் பையைப் பார்த்தபோது, இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி எனக்கிருந்த தாழ்வான எண்ணம் போய்விட்டது.

(இங்கே ஓர் எச்சரிக்கை. மணலில் இனந்தெரியாத இரும்பு உருளை எதுவும் தென்பட்டால் தொடாமல் விலகி, 999 எண்ணை அழைத்துக் கடலோரக் காவலரிடம் சொல்லுங்கள். உலகப் போர்களின் வெடிகுண்டுகள் இந்நாட்டுக் கரைகளில் இன்னும் கிடக்கின்றன. அனுமதியின்றிக் கருவியோடு எங்கும் போக வேண்டாம். நமக்கு அருகிலிருக்கும் தேம்ஸ் கரையில் லண்டன் துறைமுக ஆணையத்தின் உரிமச்சீட்டு இல்லாமல் தேடுவது குற்றம்.)

இனி மோதிரத்துக்கு வருகிறேன். குளிர்ந்த கடல்நீரில் விரல்கள் சுருங்குகின்றன. வெயிலுக்குப் பூசிய களிம்பு வழுக்குகிறது. அலையில் பிள்ளையின் கையைப் பிடிக்கத் தாய் கையை நீட்டுகிறாள், மோதிரம் போய்விடுகிறது. பொன் மணலைவிடப் பலமடங்கு கனமானது. ஒவ்வோர் அலையும் மணலைக் கலக்கும்போது அது கீழே கீழே இறங்கி, கெட்டியான அடித்தளத்தில் போய்த் தங்கும். பெரும் புயல் ஒன்று மேல்மணலை வாரிக்கொண்டு போகும்வரை அங்கேயே கிடக்கும். இப்படிக் கிடைக்கும் மோதிரத்தில் யாரும் எறிந்துவிட்டுப் போனது அரிது. நம் சகோதரிகளில் எத்தனை பேர் தாலியைக் கழற்றி வைத்துவிட்டுக் கடலில் இறங்குகிறீர்கள்? அதில் கோர்த்த சிலுவையோ வேதாகமச் சின்னமோ அறுந்து விழுந்து, பத்து ஆண்டுகள் கழித்து ஒருவர் அதைத் தோண்டியெடுத்தால் அவர் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புவீர்கள்? அதற்கு நீங்கள் சொல்லும் பதில்தான் என் பதிலும்.

கண்டெடுத்தவருக்கே சொந்தம் என்பது பலருடைய எண்ணம். இந்நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உரிமையாளரைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி செய்யாமல் பொருளை வைத்துக்கொள்வது 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின்படி திருட்டாகலாம். பழங்காலப் புதையலுக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டம் தனியே உண்டு. கப்பலிலிருந்து ஒதுங்கிய பொருளானால் 28 நாட்களுக்குள் அதற்குரிய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். உரிமையாளர் வந்து கேட்க ஓராண்டு அவகாசம் உண்டு. வேதமோ சட்டத்துக்கு வெகுகாலம் முந்தியே பேசிவிட்டது. உபாகமம் 22ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களை இன்று வீட்டில் வாசித்துப் பாருங்கள். வழிதவறிய மாட்டைக் கண்டவன் காணாதவன்போல் ஒதுங்கிப் போகக்கூடாது. உடையவன் யாரென்று தெரியாவிட்டால், அவன் தேடி வரும்வரை அதைத் தன் வீட்டில் வைத்துப் பராமரிக்க வேண்டும். கண்டெடுத்த கணத்தில் நமக்குக் கிடைப்பது உரிமை அல்ல, பொறுப்பு. அதுவும் தீவனம் போட்டுப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு.

2007 ஜனவரியில் நடந்ததை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தென்னாப்பிரிக்காவுக்குப் புறப்பட்ட நாப்போலி என்னும் சரக்குக் கப்பல் புயலில் சேதமடைந்து, டெவன் மாவட்டத்தில் பிரான்ஸ்கம் கடற்கரைக்கு அருகே தரைதட்டவைக்கப்பட்டது. கன்டெய்னர்கள் கரையொதுங்கின. ஊர் ஊராக ஜனங்கள் திரண்டு வந்து புத்தம்புது பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு போனார்கள். மதுப் பீப்பாய்களைச் சுமந்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்த பலருக்கு அது வேடிக்கையாயிருந்தது, எனக்கும்தான். ஆனால் சுவீடனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாமான்களும் அந்தச் சரக்கில் இருந்தன. தங்கள் பெட்டிகளை அந்நியர் கிளறுவதை அவர்கள் தொலைக்காட்சியில் பார்க்க நேர்ந்தது. கரையில் ஒதுங்கியவற்றில் கோசா மொழி வேதாகமங்களும் இருந்தன என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிலத்தில் மறைந்திருந்த பொக்கிஷத்தின் உவமையை ஒருவர் எனக்கு எதிராக எடுத்துக்காட்டினார். மத்தேயு 13இல் அந்த மனிதன் கண்டெடுத்ததை யாருக்கும் அறிவிக்கவில்லையே என்றார். உண்மைதான். ஆனால் அந்த உவமை பரலோக ராஜ்யத்தின் விலையேறப்பெற்ற தன்மையைப் பேசுகிறது. கண்டெடுத்த பொருளுக்கான சட்டத்தை அல்ல. அப்படியே வாதத்துக்கு எடுத்துக்கொண்டாலும், அவன் தனக்குண்டான யாவையும் விற்று அந்த நிலத்தை வாங்கினான். இந்த உவமையை எடுத்துக்காட்டுகிறவர்களில் வீட்டை விற்றுக் கடற்கரையை வாங்கிய ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

காணிக்கை என்று வரும்போது காரியம் இன்னும் கூர்மையாகிறது. அர்வனா தன் களத்தையும் மாடுகளையும் தாவீதுக்கு இலவசமாகக் கொடுக்க முன்வந்தும், ராஜா ஐம்பது சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்தே அவற்றை வாங்கினான். தனக்குச் செலவில்லாததைப் பலியிட அவனுக்கு மனமில்லை. நம் சகோதரர் கொடுக்க நினைத்தது அதற்கும் ஒருபடி அப்பாற்பட்டது. அது அவருடையதே அல்ல. இன்னொருவருடைய இழப்பை எடுத்து நான் பீடத்தில் வைத்தால், அந்த இன்னொருவருக்காக யார் பேசுவது? சபைக் கட்டடத்தின் கூரை ஒழுகுகிறது என்பதை நான் அறியாதவன் அல்லன். அந்த மோதிரத்தின் விலை ஓரளவுக்கு உதவியிருக்கும் என்று மூப்பர் ஒருவர் சொன்னதும் சரியே. ஆயினும் ஒழுகும் கூரையின்கீழ் ஜெபிப்பது எனக்குச் சுலபமாயிருக்கிறது.

சகோதரரை நான் கடிந்துகொண்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர் தனக்கென்று வைத்துக்கொள்ள ஒருகணமும் நினைக்கவில்லை. சபைக்குக் கொடுத்தால் கடமை தீர்ந்தது என்று நினைத்தார். அன்று மாலையே அவர் என்னோடு உட்கார்ந்து பூதக்கண்ணாடியால் மோதிரத்தைப் பார்த்தார். உட்புறத்தில் 750 என்ற தர முத்திரை இருக்கிறது, அதாவது 18 காரட். முத்திரையின் ஆண்டெழுத்தைக் கொண்டு அது எந்த ஆண்டு சோதிக்கப்பட்டது என்பதையும் அறிந்துகொண்டோம். அதற்கடுத்து ஒரு தேதியும் இரண்டு பெயர்களின் முதலெழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. யாரோ இருவருடைய திருமண நாள். அதைப் பார்த்தபின் அவர் வெகுநேரம் பேசவில்லை.

இப்போது காவல்துறைக்கும் அவ்வூர் நகரசபைக்கும் தெரிவித்திருக்கிறார். கடற்கரைத் தேநீர்க் கடையிலும் அவ்வூர்த் திருச்சபையின் அறிவிப்புப் பலகையிலும் சிறு தாள் ஒட்டியிருக்கிறார். மோதிரம் அவர் வீட்டில் பத்திரமாயிருக்கிறது. உங்கள் உறவினரோ, உடன் வேலை செய்கிறவர்களோ கென்ட் கரையில் திருமண மோதிரத்தைத் தொலைத்ததாகச் சொல்லக் கேட்டிருந்தால், என்னிடம் அனுப்புங்கள். எந்த ஊர்க் கடற்கரை என்பதையும் உள்ளே எழுதியிருப்பதையும் நான் இங்கே வெளியிடவில்லை. உடையவர்கள் அவற்றைத் தாங்களே சொல்லட்டும்.

உங்கள் போதகர்