போலீஸ் ஏலத்தில் கார் வாங்கலாமா? விலை கம்மிதான்... ஆனா இந்த பேப்பர் இல்லைன்னா சிக்கல்!

'பறிமுதல் செய்யப்பட்ட வாகனங்கள் பொது ஏலம்' என்று மாவட்ட காவல்துறை ஒரு அறிவிப்பு கொடுத்தால் போதும். 'பாதி விலைக்கு கார்' என்று வாட்ஸ்அப் குழுக்களில் அது பறக்கத் தொடங்கிவிடும். ஏல நாளில் மைதானத்தில் கூட்டம் கூடும். வெயிலில் வரிசையாக நிற்கும் கார்களில் சில நல்ல லாபம். சில, வீட்டு வாசலில் நிரந்தரமாக நிற்கப் போகும் இரும்பு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி?

எந்த வண்டிகள் ஏலத்துக்கு வருகின்றன?

தமிழ்நாட்டில் பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது, மது கடத்தலில் சிக்கியவை. 1937-ம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் அரசுடைமையாக்கப்பட்ட வண்டிகளை மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு ஏலம் விடுகிறது.

இரண்டாவது, யாரும் உரிமை கோராதவை. சாலையோரம் அநாதையாகக் கிடந்தவை, திருட்டு வழக்கில் மீட்கப்பட்டும் உரிமையாளர் வராதவை இதில் அடங்கும்.

மூன்றாவது, காவல்துறையே ஓட்டித் தேய்ந்துபோன வண்டிகள். இங்கே ஒரு எச்சரிக்கை. 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அவை உடைப்புக்குத்தான் போகும். 'பழைய போலீஸ் ஜீப்பை வாங்கி ஓட்டலாம்' என்ற ஆசை இனி பலிக்காது.

ஏலம் எப்படி நடக்கும்?

அறிவிப்பில் சொன்ன நாளில் வண்டிகளை நேரில் பார்க்கலாம். ஆதார் போன்ற அடையாள ஆவணத்தைக் காட்டி, முன்பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும். முன்பணம் எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். ஏலம் கிடைக்காதவர்களுக்கு அது திரும்ப வந்துவிடும். ஏலம் எடுத்தவர், குறித்த கெடுவுக்குள் முழுத் தொகையையும் ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பின்வாங்கினால் முன்பணம் போய்விடும்.

முக்கியமான நிபந்தனை, 'உள்ளது உள்ளபடியே' விற்பனை. ஓட்டிப் பார்க்க வாய்ப்பு இல்லை. வாரண்டி கிடையாது. என்ஜின் ஓடலைன்னு பிறகு புகார் சொல்ல முடியாது.

நிஜமாவே பாதி விலையா?

உதாரணத்துக்கு ஒரு சின்ன காரை 1 லட்சம் ரூபாய்க்கு ஏலம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி 18 சதவீதம் என்றால் 18,000. நான்கு டயர் 16,000. பேட்டரி 5,000. ரெக்கவரி வண்டி வாடகை 4,000. மூன்றாம் நபர் காப்பீடு சுமார் 3,500. பிரேக், ஒயரிங், பெட்ரோல் டேங்க் சுத்தம் என்று மெக்கானிக் பில் 25,000. மொத்தம் 1,71,500 ரூபாய். ஏலத்தில் கை தூக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, அதே மாடல் வெளியில் என்ன விலை என்றும் பார்க்க வேண்டும்.

வண்டி ஏன் இவ்வளவு துருப்பிடிக்கிறது?

வழக்கு முடியும் வரை ஸ்டேஷன் வாசலிலேயே கிடப்பதுதான் காரணம். வாகனங்களை இப்படி நீண்ட காலம் போட்டு வைப்பதில் பயனில்லை என்று 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-வது பிரிவு கெடுவே வைக்கிறது. பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாட்களுக்குள் விவரப் பட்டியல் தயாராக வேண்டும். படமும் எடுத்து முடித்தபின் 30 நாட்களுக்குள் அதை என்ன செய்வது என்று உத்தரவு வர வேண்டும். இது முழுமையாக நடந்தால், ஏலத்துக்கு வரும் வண்டிகள் இன்னும் நல்ல நிலையில் இருக்கும்.

அந்த முக்கியமான பேப்பர் எது?

பணம் கட்டிச் சாவி வாங்கியதும் வேலை முடிந்துவிடாது. அரசு நடத்தும் பொது ஏலத்தில் வாங்கிய வண்டிக்கு, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 57-வது விதிப்படி, கைக்கு வந்த 30 நாட்களுக்குள் படிவம் 32-ல் ஆர்டிஓ அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சாதாரணமாகப் பெயர் மாற்றப் பயன்படும் படிவம் 29, 30 இங்கே வேலைக்கு ஆகாது.

கூடவே ஆர்.சி., காப்பீடு, விற்பனையை உறுதிசெய்து ஏல அதிகாரி கையெழுத்திட்ட சான்று, ஏலத்துக்கு அனுமதி அளித்த அரசு உத்தரவின் சான்றிட்ட நகல் ஆகியவை தேவை. பலர் கோட்டை விடுவது கடைசி இரண்டில்தான். மைதானத்தை விட்டுக் கிளம்பும் முன்பே இவற்றைக் கேட்டு வாங்குவது நல்லது. அதில் உள்ள என்ஜின், சேஸிஸ் எண்கள் வண்டியில் இருப்பவையோடு ஒத்துப்போகிறதா என்றும் சரிபார்க்க வேண்டும்.

நம்பர் பிளேட்டே இல்லாத, அல்லது போலி நம்பர் கொண்ட வண்டி என்றால்? அதற்கும் அதே விதியில் வழி உண்டு. ஏலம் விட்ட துறையின் பெயரில் புது எண் வழங்கி, பிறகு வாங்கியவர் பெயருக்கு மாற்றுவார்கள்.

கடன், சலான் பாக்கி இருந்தால்?

பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எந்த ஆண்டு பதிவு, எஃப்.சி. எதுவரை, வங்கிக் கடன் பதிவு உண்டா என்று பார்க்கலாம். இ-சலான் பாக்கியும் தெரிந்துவிடும். பழைய நிலுவை யார் பொறுப்பு என்பதை ஏலத்துக்கு முன்பே அதிகாரியிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 15 வருடம் நெருங்கிய கார் என்றால் பதிவைப் புதுப்பிக்கும் செலவும் சேரும்.

இன்னொரு பக்கமும் உண்டு

ஏலத்தில் நிற்கும் வண்டி ஒருவருக்கு லாபம் என்றால், இன்னொருவருக்கு அது போன பிழைப்பு. நண்பருக்கு இரவல் கொடுத்தது, வாடகைக்கு விட்டது என்று உரிமையாளருக்கே தெரியாமல் வழக்கில் சிக்கிய வண்டிகளும் இருக்கலாம். அப்படிச் சிக்கினால் உடனே நீதிமன்றத்தில் மனு போட்டு, பிணைப் பத்திரம் கொடுத்து இடைக்காலமாக மீட்கக் கேட்கலாம். நோட்டீஸ் வந்தும் பதில் சொல்லாமல் விட்டால், கடைசியில் வண்டி ஏல மைதானத்தில்தான் நிற்கும்.

வாங்கப் போகிறவர்கள் ஒரு தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போவதும், மனதில் ஒரு உச்ச விலையைக் குறித்துக்கொண்டு அதைத் தாண்டாமல் இருப்பதும்தான் புத்திசாலித்தனம். பேப்பர் சரியாக இருந்தால் பழுதைப் பார்த்துக்கொள்ளலாம். பேப்பர் இல்லை என்றால், பளபளக்கும் காரும் கடைசியில் புதுப்பேட்டைக்குத்தான் போகும்.