பல் எடுத்த குழியில் வைக்கும் எலும்பு எதனுடையது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பணிபுரியும் நம் சகோதரர்கள், உணவகத்து இறைச்சி ஹலாலா என்று கேட்காமல் உண்பதில்லை. பல் பிடுங்கிய அன்றே இம்ப்ளான்ட் பொருத்தும்போது மட்டும், அதைச் சுற்றி வைக்கும் எலும்புத்தூள் எதிலிருந்து வந்தது என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை.

பல்வேர் இருந்த குழி இம்ப்ளான்ட் திருகைவிட அகலமானது. இடைவெளி 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் பொதுவாக அதை நிரப்புவார்கள். நோயாளியின் தாடையெலும்பு, செயற்கைக் கால்சியம் பாஸ்பேட் என வழிகள் உண்டு. பரவலாகப் பயன்படும் பயோ-ஆஸ் மாட்டெலும்பு. அதன்மேல் மூடும் பயோ-கைடு சவ்வோ பன்றியின் கொலாஜன். மாடு என்றதும் நிம்மதியடைபவர் சவ்வை மறந்துவிடுகிறார்.

ஹனஃபி மத்ஹபில், பன்றி நீங்கலாக, செத்த பிராணியின் எலும்பு தூய்மையானது. ஷாஃபிஈ மத்ஹபில் அது நஜீஸ். தூய்மையானது கிடைக்காதபோதே சலுகை. மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்கு, வெள்ளி மூக்கில் துர்நாற்றம் ஏற்பட்ட பின்னரே தங்கத்தில் வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (அபூதாவூத்). வெள்ளி முதலில் முயலப்பட்டது என்பதையே நான் கவனிக்கிறேன். நமக்கோ செயற்கைப் பொருள் கடையிலேயே கிடைக்கிறது.

மரத்துப்போன வாயோடு கேட்க முடியாது. தேதி குறிக்கும் நாளிலேயே மருத்துவரிடம் தூள், சவ்வு இரண்டின் பெயரையும் கேட்டு, உங்கள் ஆலிமிடம் காட்டுங்கள்.